இல்லாத பாதத்தை ஊன்றுவது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர், மோட்டார் வைத்த செயற்கைக் கணுக்காலை நினைத்தபடி அசைக்கலாமாமே? மூளையில் சிப் வைப்பார்களா?

பதில்: மூளைப் பக்கமே போக வேண்டியதில்லை. பாதத்தை அசைத்த தசைகளின் மேற்பகுதி மிச்சக் காலில் இருக்கிறது. நரம்பும் அங்கே வருகிறது. இல்லாத பாதத்தைத் தூக்க நினைத்தால் முன்கணைக்கால் தசை இறுகும், ஊன்ற நினைத்தால் ஆடுசதை இறுகும். அந்த இறுக்கத்தின் மின் அலையைத் தோல்மேல் ஒட்டிய எலக்ட்ரோடு பிடித்து மோட்டாரை இயக்குகிறது. வழக்கமான மோட்டார் கணுக்கால், குதிகால் தரையைத் தொட்டதா என்று சென்சாரில் பார்த்து, எழுதிவைத்த நடையைத்தான் நடக்கும். நின்ற இடத்தில் ஒரு மூட்டையைக் கையில் வாங்கப் போகிறோம் என்பது அதற்குத் தெரியாது. தசைக்கு முன்கூட்டியே தெரியும்.

கேள்வி: சோதிப்பது எப்படி? எங்கே சிக்கல் வரும்?

பதில்: முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, "பாதத்தைத் தூக்குங்கள், ஊன்றுங்கள்" என்று சொல்லி விரலால் தடவித் தசையைக் கண்டுபிடிப்பார்கள். எலக்ட்ரோடு ஜோடியைச் சுமார் 2 செ.மீ. இடைவெளியில், தசை இழை ஓடும் திசையில் ஒட்ட வேண்டும். முழுபலத்தில் இறுக்கினால் வரும் அலையின் அளவை 100 என்று வைத்துக்கொள்வார்கள். சும்மா இருக்கையில் வருவதற்குச் சற்று மேலே, மோட்டார் அசையத் தொடங்கும் அளவு. முதலில் உட்கார்ந்தபடி திரையில் ஒரு புள்ளியை ஏற்றி இறக்கிப் பழக வேண்டும். பிறகுதான் மேலிருந்து தொங்கும் பாதுகாப்பு வாரை மாட்டி நிற்பதும் நடப்பதும்.

உட்கார்ந்து எடுத்த அளவை அப்படியே நிற்கும்போது நம்பினால் போச்சு! எடை சாக்கெட்டில் (மிச்சக்காலை நுழைக்கும் கிண்ணத்தில்) இறங்கியதும் தசை தானாக இறுகும். கேட்காமலே மோட்டார் தள்ளும். எடை ஏற்றி மறுபடி அளந்தே ஆக வேண்டும். இன்னொரு தொல்லை, இரண்டு தசையும் ஒன்றாக இறுகுவது. தூக்கவா ஊன்றவா என்று தெரியாமல் கணுக்கால் விறைத்து நிற்கும். குதிகால் படும் அதிர்ச்சியில் எலக்ட்ரோடு நகர்ந்தால் போலி அலை வரும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது நொடிக்கு 20 முறைக்கும் குறைவாக ஏறி இறங்கும் அலையை, வெட்டினால் போலி அலையில் பெரும்பகுதி போய்விடும். அலையை அளவுக்கு மீறி வழவழப்பாக்கினாலோ பாதம் தாமதமாக அசையும். லைனருக்குள் (மிச்சக்காலில் மாட்டும் மெத்தென்ற உறைக்குள்) வியர்வை, ஒயர் போகும் வழியில் கசியும் காற்று, எலக்ட்ரோடு அழுத்திய இடத்தில் புண், மாலைக்குள் மிச்சக்கால் சுருங்கிச் சாக்கெட் தளர்வது... மோட்டாரைவிட இவைதான் ஆளைப் படுத்தும்.

கேள்வி: பழக எவ்வளவு நாள்?

பதில்: 2021இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருந்து வெளிவந்த ஆய்வில் ஒருவர், பிசியோதெரபிஸ்டுடன் தலா 2 மணி நேரம் 5 முறை, இரண்டரை வாரத்தில் பழகி, நிற்கும் சமநிலையில் தேறினார். ஒரே ஒருவர் என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.யின் 2024 ஆய்வு வேறு வழி: கால் அகற்றும்போதே எதிரெதிர்த் தசைகளை இணைத்துத் தைக்கிறார்கள், ஒன்று இறுகினால் மற்றது நீளும், பாதம் இருக்கும் நிலை மூளைக்கு எட்டும். இப்படிச் செய்த 7 பேரின் உச்ச நடைவேகம், சாதாரண அறுவை செய்த 7 பேரைவிட 41 விழுக்காடு அதிகம்.