வலி முதுகில், கேள்வி மனசைப் பற்றியா?

கேள்வி: எனக்கு 43 வயது. எட்டு மாதமாக விடாத முதுகுவலி. ஸ்கேனில் 'லேசான டிஸ்க் பிதுக்கம்' என்று மட்டும்தான் வந்தது. போன வாரம் பார்த்த டாக்டர், "தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறாரா?
– பெயர் வேண்டாம்

பதில்: நினைக்கவில்லை. சொல்லப்போனால், எட்டு மாதத்தில் உங்களிடம் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அதுவாகக்கூட இருக்கலாம்.

முதலில் அந்த ஸ்கேன். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது, ஆனால் ஒரு வலியும் கிடையாது. ஆக, உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது நரை மாதிரி ஒரு சமாச்சாரமாகவும் இருக்கலாம், அதை வைத்து முழு வலிக்கும் கணக்குச் சொல்லிவிட முடியாது.

அடிபட்டது முதுகு என்றாலும் அதை வலியாக உணர்வது மூளை. பயம், கவலை, துக்கம் இவற்றைக் கவனிக்கும் பகுதிகளுக்கும் இதில் பங்கு உண்டு. வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் நரம்புகளே கொஞ்சம் 'உஷாராகி', சின்னச் சீண்டலுக்கும் கத்த ஆரம்பிக்கலாம். வலியால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், எரிச்சல் வரும், வெளியே போவதைக் குறைப்பீர்கள், 'குனிந்தால் ஏதாவது பிசகிவிடுமோ' என்று பயந்து பயந்து நடப்பீர்கள், தசை இறுகி பலமும் குறையும், அப்புறம் நிஜமாகவே குனிய முடியாது. இதில் எது முதலில் வந்தது என்று தேடுவது வீண்வேலை. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு முதுகுவலி வர வாய்ப்பு அதிகம், நாள்பட்ட முதுகுவலிக்காரர்களுக்கு மனச்சோர்வு வரவும் அதிகம். இரண்டு பக்கமும் ஓடும் பாதை.

அதனால் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். படுத்தே கிடக்காதீர்கள், வலி இருந்தாலும் தினமும் கொஞ்சம் நடங்கள். இன்று பத்து நிமிடம் என்றால் அடுத்த வாரம் பன்னிரண்டு, அவ்வளவு போதும். நல்ல நாளில் ஒரேயடியாக எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு மறுநாள் படுத்துவிடுவது பலரும் செய்கிற தப்பு. மனநல ஆலோசகரிடம் அனுப்பினால் போங்கள். வலியைப் பற்றிய பயத்தையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சைக்குப் பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. டுலோக்ஸெட்டின் போன்ற மாத்திரை எழுதினால், 'இது மனச்சோர்வு மருந்தாச்சே' என்று கோபப்படாதீர்கள், அதை நாள்பட்ட வலிக்கும் கொடுப்பதுண்டு. நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலும் அதே அவசரம்தான்.