பெட்ரூம் சுவர் ஊறுதா? டைல்ஸ உடைக்கிறதுக்கு முன்னாடி இத பாருங்க

சார், பாத்ரூமுக்கு பின்பக்க பெட்ரூம் சுவர் ஊறி பெயின்ட் உரியுது, பிளம்பர் மொத்த டைல்ஸயும் உடைக்கணும்னு சொல்றார்னு எழுதியிருந்தீங்க, தயவுசெஞ்சு உடனே உடைக்க விடாதீங்க. எங்க வீட்லயும் இதே கதைதான், கடைசில பார்த்தா நஹானி ட்ராப்ப (பாத்ரூம் தரைல தண்ணி வடியுற ஓட்டைல வைக்கிறது) சுத்தி இருந்த சிமென்ட் விட்டுப்போயிருந்துச்சு, அவ்ளோதான்.

முதல்ல ராத்திரி எல்லா பைப்பையும் மூடிட்டு, மோட்டரும் போடாம, மாடி டேங்க் உள்ள தண்ணி மட்டத்துக்கு சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. காலைல இறங்கியிருந்தா சப்ளை லைன்ல, அதாவது டேங்க்லேந்து தண்ணி வர்ற பைப்ல லீக், 1000 லிட்டர் வட்ட டேங்க்ல 1 செ.மீ இறங்கினாலே கிட்டத்தட்ட 9 லிட்டர் போயிருக்கு. ஆனா ஃபிளஷ் டேங்க்கும் ஒழுகலாம், அதனால அதுல சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டு, ஃபிளஷ் பண்ணாமயே அரை மணி நேரத்துல கோப்பைல நீலம் வருதான்னு பாத்துக்குங்க.

மட்டம் இறங்கலன்னா ஒண்ணு வேஸ்ட் லைன் (கழிவுத் தண்ணி போற பைப்), இல்லன்னா தரைதான். ட்ராப் வாய துணியால நல்லா அடைச்சு தரைல 1 இன்ச் தண்ணி நிறுத்தி, சுவர்ல ஈரம் எதுவரைக்கும் இருக்குன்னு பென்சில்ல குறிச்சுட்டு ஒரு நாள் விடுங்க. ஈரம் கோட்ட தாண்டுச்சுன்னா தரை ஜாயின்ட், தாண்டலன்னா துணிய எடுத்து ட்ராப்ல நாலஞ்சு பக்கெட் ஊத்தி, ஈரம் கோட்ட தாண்டுதான்னு பாருங்க, தாண்டுச்சுன்னா வேஸ்ட் லைன். என்ன வந்துச்சுன்னு இங்க போடுங்க சார், அடுத்தது சொல்றேன்.