கேளுங்கள்: அரசு செலவைச் சுருக்கினால் நல்லதுதானே?

கேள்வி: தொழில் இப்போதுதான் தலைதூக்குகிறது. வீட்டில் கடன் ஏறினால் செலவைச் சுருக்குகிறோம். அரசாங்கமும் அப்படிச் செய்தால் என்ன?
- கல்லூரி மாணவர், பல்லடம்

பதில்: எப்போது சுருக்குகிறோம் என்பதுதான் விஷயம், தம்பி. உங்கள் பக்கத்துக் காரணம்பேட்டைக் கிரஷர்களையே பாருங்கள். ரோடு டெண்டர் நின்றால் முதலில் ஜல்லி லோடு குறையும். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டிப்பர் டிரைவர் வீட்டில் தீபாவளித் துணி ஒரு செட்டோடு நிற்கும். மளிகைக்கடையில் பாக்கி ஏறும். அப்புறம் டீசல் வரி, ஜி.எஸ்.டி. வசூல் எல்லாம் இறங்கும். அரசின் கடனும் நினைத்த அளவுக்குக் குறையாது.

அமெரிக்கா இதைப் பட்டே தெரிந்துகொண்டது. 1933-ல் அங்கே நாலில் ஒருவருக்கு வேலையில்லை. அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு ரோடு, பாலம், பள்ளிக்கூடம் என்று செலவு செய்தது. 1937-ல் வேலையின்மை சுமார் 14 சதவீதத்துக்கு இறங்கியது. சரி, இனி தானாக ஓடும் என்று பட்ஜெட்டைச் சமன்செய்யக் கிளம்பினார்கள். வேலைத் திட்டங்களை வெட்டினார்கள். சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு வரியும் அதே வருஷம்தான் தொடங்கியது. (மத்திய வங்கியும் கடன் கொடுப்பதை இறுக்கியது, அதையும் சொல்லியாக வேண்டும்.) 1938-ல் வேலையின்மை மறுபடி 19 சதவீதம்! அந்த ஏப்ரலில் ரூஸ்வெல்ட்டே செலவுக்குப் பணம் கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போனார்.

வீண் செலவைத் தாராளமாக வெட்டட்டும். கூலிக்காரர் கைக்குப் போகும் பணத்தை மட்டும், உங்கள் ஊர்த் தறிகள் முழு ஷிப்ட் ஓடும்வரை தொடக் கூடாது.