முட்டிச் சில்லு வலியும் முன்பணமும்: வாசகர் கேள்வி-பதில்

முட்டிவலிக்குச் செலவழித்து ஏமாந்தவர்கள் எழுதுங்கள் என்று சிங்கப்பூர் வாசகர்களிடம் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முட்டிச் சில்லு (முட்டியின் முன்பக்கச் சிறு எலும்பு) வலிக்காரர்களுடையவை. எனக்கும் ஒன்பது ஆண்டுகளாக அதே வலிதான். அதனால் இந்த வாரம் முழுவதும் இதற்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

அக்கா, காந்தம் வைத்த முட்டிப் பட்டை 89 வெள்ளிக்கு விற்கிறார்கள். வாங்கலாமா? (தெம்பனிஸ்)

வேண்டாம். நான் வாங்கி இரண்டு மாதம் கட்டியிருந்தேன். முட்டியின் பின்மடிப்பில் தோல் சிவந்து அரித்ததுதான் மிச்சம், வலி அப்படியே இருந்தது.

எனக்கு 54 வயது, கேன்டீனில் வேலை. கடைத்தொகுதியில் இலவசச் சோதனை என்று உட்கார வைத்தார்கள். சில்லு தேய்ந்துவிட்டது, இப்போதே கவனிக்காவிட்டால் சக்கர நாற்காலிதான் என்றார்கள். பயந்துபோய் 20 தடவை சிகிச்சைக்கு 3,200 வெள்ளி கார்டில் கட்டினேன். நான்கு தடவை போய்விட்டேன், குறையவில்லை. மிச்சப் பணத்தைத் தரமாட்டார்களாம். மகனிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. (ஈசூன்)

அம்மா, முதலில் மகனிடம் சொல்லுங்கள். உங்களைப் பயமுறுத்திப் பணம் வாங்கியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

உங்கள் வலி என்ன என்பதைப் பார்ப்போம். முட்டியை மடக்கி நீட்டும்போது சில்லு தொடை எலும்பின் முன்பக்கப் பள்ளத்தில் ஏறி இறங்கும். தொடைத் தசையும் இடுப்புத் தசையும் வலுவிழந்திருந்தாலோ, முட்டிக்கு வேலை திடீரென்று கூடினாலோ, சில்லுக்கு அடியில் அழுத்தம் ஏறும். படி இறங்கும்போதும், குந்தும்போதும், பேருந்தில் நெடுநேரம் முட்டியை மடக்கி உட்காரும்போதும் வலிப்பது அதனால்தான். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் மின்படி பழுதாகிவிட்டால் நான் இன்றும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். வேதனை உண்மைதான். ஆனால் கடைத்தொகுதியில் பத்து நிமிடம் தொட்டுப் பார்த்துவிட்டுச் சக்கர நாற்காலி என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த வலிக்கு நன்றாகப் பலன் தருவது தொடைக்கும் இடுப்புக்குமான பயிற்சிதான். பல வாரம், சில சமயம் பல மாதம் ஆகும். அந்தப் பொறுமை நமக்கு இருக்காது என்பதை விற்பவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். முன்பணப் பேக்கேஜ் என்றாலே எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான். பணம் மொத்தமும் முதல் நாளே கைக்கு வந்துவிட்டால், உங்களைக் குணப்படுத்த அவர்களுக்கு என்ன அவசரம்? நாளைக்குக் கடையை மூடிவிட்டால் அவர்களிடம் பணம் வர வேண்டியவர்களின் வரிசையில் கடைசியில் நிற்பது நீங்கள்தான். ‘இன்றைக்கு மட்டும் இந்த விலை’ என்ற பேச்சைக் கேட்டதும் எழுந்து வந்துவிட வேண்டும். நானும் ஒருமுறை 12 தடவைக்கு மொத்தமாகக் கட்டினேன். ஐந்தாவது தடவை போனபோது கதவில் பூட்டு. கட்டிய பணத்தில் ஒரு காசு திரும்பவில்லை. அன்றிலிருந்து தடவைக்குத் தடவைதான் பணம் கொடுக்கிறேன்.

இனி செய்ய வேண்டியது. உங்களிடம் என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், எந்தத் தேதி என்பதை மறப்பதற்குள் எழுதி வையுங்கள். மிச்சம் 16 தடவைக்கான பணத்தைக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். கார்டு கொடுத்த வங்கியை இந்த வாரமே அழைத்து, ‘சார்ஜ்பேக்’ (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்க வழியுண்டா என்று விசாரியுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. பொய்யான தகவல் சொல்லி விற்பது நியாய வர்த்தகச் சட்டப்படி தவறு. ரசீதில் ‘நோ ரீஃபண்ட்’ என்று அச்சடித்துவிட்டால் அந்தத் தவறு சரியாகிவிடாது. பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் புகார் கொடுங்கள். அங்கும் தீராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, எனவே அவர்கள் வக்கீல் வைத்து மிரட்டுவார்களோ என்ற பயம் வேண்டாம்.

வலிக்குப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போங்கள். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினால் மானியக் கட்டணத்தில் பிசியோதெரபி கிடைக்கும். தனியாரிடம்தான் போவேன் என்றால், அந்த பிசியோதெரபிஸ்ட், துணை மருத்துவத் தொழிலர்களைப் பதிவு செய்யும் மன்றமான ஏஹெச்பிசியின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று இணையத்தில் பாருங்கள். இங்கே பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யப் பதிவு கட்டாயம்.

இணையத்தில் முட்டி உறை வாங்கினேன். இறுக்கமாக இருக்கிறது. ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் வாங்க மறுக்கிறார்கள். ‘லெமன் லா’ என்ற பழுதான பொருள் சட்டத்தில் போகலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

தம்பி, விற்பனைப் பக்கத்தில் அளவு அட்டவணை இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தொடையில் ஒரு நாடாவைச் சுற்றிப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? உறையில் பழுது இல்லை, அளவைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். ஒரு வாரம் வியர்வையோடு போட்டதைக் கடைக்காரர் வேறு யாருக்கு விற்பார்? அந்தச் சட்டம் பழுதான பொருளுக்குத்தான்.

அம்மாவுக்கு முட்டிவலி. முகநூலில் ‘மூலிகை மாத்திரை’ வாங்கினோம். இரண்டே நாளில் வலி போய்விட்டது. இப்போது முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரையும் ஏறிவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா? (புக்கிட் பாத்தோக்)

பணத்தை அப்புறம் பார்க்கலாம். அம்மாவை இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், மாத்திரைப் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு நாளில் மாயமாக வலி போனால் உள்ளே ஸ்டீராய்டு இருக்குமோ என்ற சந்தேகம் வர வேண்டும். ‘மூலிகை’ என்று விற்ற மூட்டுவலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நீங்கள் சொல்லும் இரண்டு மாற்றமும் அதற்குப் பொருந்துகின்றன. மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பல நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் உடம்பு தாங்காமல் போகலாம். விற்றவரின் பக்கத்தையும் உங்கள் உரையாடலையும் படம் எடுத்து ஆணையத்துக்கு அனுப்புங்கள்.

மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரையை மாதம் 60 வெள்ளிக்கு வாங்குகிறேன். தொடரலாமா? (செங்காங்)

சில்லு வலிக்கு அது பலன் தரும் என்று நம்பக் காரணம் இல்லை. நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் நல்ல காலணி வாங்குங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் குளுக்கோசமைன் எடுப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சில்லு வலிக்குச் சைக்கிள் ஓட்டச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். வீட்டு உடற்பயிற்சி சைக்கிள் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, பெடல் ஆடுகிறது, உள்ளே கடகட சத்தம். கடையில் 30 நாள் வாரண்டி முடிந்துவிட்டது என்கிறார்கள். (பிடோக்)

இங்குதான் ‘லெமன் லா’ உங்கள் பக்கம். 2012 செப்டம்பர் முதல் இது நடப்பில் உள்ளது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கொடுக்கும்போதே பழுது இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். கடையின் 30 நாள் வாரண்டி இந்த உரிமையைப் பறிக்காது. பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். பெடல் ஆடுவதைச் சத்தத்தோடு கைப்பேசியில் இன்றே படம் எடுத்து வையுங்கள்.

சைக்கிள் திரும்பி வந்ததும் இருக்கையின் உயரத்தையும் பாருங்கள். இருக்கை தாழ்வாக இருந்தால் முட்டி அதிகம் மடங்கி, சில்லில் அழுத்தம் கூடும். பெடல் கீழே இருக்கும்போது முட்டி இலேசாக மட்டும் மடங்கியிருக்கட்டும்.