கயிறு ரப்பர் இல்லை

கேள்வி: பெண்கள் ரெஸ்லிங்கில் கயிற்றில் முதுகை மோதி, அதே வேகத்தில் திரும்பி ஓடி வருகிறார்களே. அது ரப்பர் கயிறா? வலிக்காதா?

நன்றாகவே வலிக்கும். பயிற்சியில் சேர்ந்த முதல் மாதம் எனக்கு வலது அக்குளிலிருந்து முதுகு வரை பட்டையாகக் கன்றிப்போனது. மல்லாந்து படுக்க முடியாமல் குப்புறப் படுத்துத்தான் தூங்கினேன். அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் ரிங்கில் இருப்பது டேப் சுற்றிய நிஜக் கயிறு. வேறு பல இடங்களில் இரும்பு வடத்தை ரப்பர் குழாய்க்குள் விட்டு இழுத்துக் கட்டுகிறார்கள். இரண்டுமே பார்ப்பவர்களுக்குத் தோன்றுகிற அளவுக்குத் துள்ளாது. திரும்பி வரும் வேகம் பெரும்பாலும் ஓடுகிறவளின் காலில்தான் இருக்கிறது.

கடைசி அடியில் உடம்பைத் திருப்ப வேண்டும். மேல்கயிறு முதுகின் மேல்பகுதியில் படும்போதே கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிடியை விடவே கூடாது. கயிறு திடீரென்று தளர்ந்தால் வெளியே தலைகீழாக விழாமல் காப்பாற்றுவது அதுதான். நான் ஐந்தடி ஒரு அங்குலம். உயரமானவர்களுக்கு முதுகில் படுகிற கயிறு எனக்குக் கழுத்துப் பக்கம் வந்துவிடும். அதனால் நடுக்கயிற்றில் இடுப்பையும் சேர்த்துக் கொடுத்து மோதப் பழகினேன். அப்புறம், பயந்துபோய் கடைசி அடியில் வேகத்தைக் குறைத்தால்தான் வலி அதிகம். இது புரியவே எனக்கு மூன்று வாரம் ஆனது.

கேள்வி: பிடியில் சிக்கியவர் கயிற்றைத் தொட்டதும் நடுவர் ஏன் விடச் சொல்கிறார்?

விதி அப்படி. கையோ காலோ கயிற்றில் பட்டால் பிடியை விட வேண்டும். நடுவர் ஐந்து எண்ணுவதற்குள் விடாவிட்டால் தகுதி நீக்கம். பிடி போடத் தெரிந்தவர்கள் எதிராளியை ரிங்கின் நடுவுக்கு இழுத்து வருவது இதனால்தான்.

கேள்வி: என் பத்து வயது மகள் மேல்கயிற்றிலிருந்து குதிப்பவர்களைப் பார்த்துவிட்டுக் கட்டிலிலிருந்து குதிக்கிறாள். விடலாமா?

வேண்டாம் அம்மா, இன்றைக்கே நிறுத்துங்கள். அவள் ஆசை எனக்குப் புரிகிறது. 2017இல் நடந்த ‘மே யங் கிளாசிக்’ என்ற பெண்கள் ரெஸ்லிங் தொடரின் இறுதிப் போட்டியில் கைரி சேன் ரிங் மூலையின் மேல்கயிற்றிலிருந்து குதித்து முழங்கையை இறக்கி ஜெயித்தபோது நானும் எழுந்து நின்று கத்தினேன். ஆனால் எங்கள் வகுப்பில் முதலில் விழத்தான் கற்றுக்கொடுத்தார்கள்: தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி. மூலைக் கயிற்றின் மேல் ஏற விட்டது எட்டு மாதம் கழித்துத்தான்.

தேர்ந்தவர்களுக்கே தப்பும். 2004 டிசம்பர் 6 அன்று டிரிஷ் ஸ்ட்ராடஸுடன் பெண்கள் பட்டத்துக்காக மோதிய ரெஸ்லிங் வீராங்கனை லீட்டா, கயிறுகளுக்கு இடையே வெளியே பாய்ந்தபோது கழுத்து மடங்க விழுந்தார். எழுந்து வந்து பட்டத்தையும் வென்றார் என்பது உண்மை. ஆனாலும் அந்தக் காட்சியை இன்று பார்த்தாலும் என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.

மகளை ஜிம்னாஸ்டிக்ஸிலோ ஜூடோவிலோ சேர்த்துவிடுங்கள். மெத்தை போட்ட தரையில், சொல்லித்தர ஒருவர் பக்கத்தில் நிற்க, ஆசை தீர விழட்டும்.