மாரிக்கு முன் காரைப் பாருங்கள்: கேள்வியும் பதிலும்

மட்டக்களப்புக் கல்லடியில் இருபது வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். மாரி நெருங்குகிறது, கார் பற்றிக் கேட்க இருப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் தண்ணீரில்தான் போய் முடிகின்றன. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற ஊரில் அப்படித்தான் வரும்.

ஆரையம்பதியிலிருந்து: அண்ணே, றேடியேற்றருக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறேன். வெயிலில் கல்முனை போய்வந்தால் சூட்டு ஊசி மேலே ஏறுகிறது. ஏன்?

தம்பி, அந்தக் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தலின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போலப் படிந்திருக்கும். அதேதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. வழி அடைபட்டால் சூடு எங்கே போகும்? அதோடு, உவர்த் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும்.

முதலில் உள்ளே கழுவி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு கலந்தே விற்கிற கூலன்ற் விடுங்கள். கெட்டியான கூலன்ற் வாங்கினால் பற்றறிக்கு விடுகிற வடித்த தண்ணீரைப் பாதிக்குப் பாதி சேருங்கள். கழுவியும் ஊசி ஏறினால் விசிறி சுற்றுகிறதா, சூடேறியதும் கூலன்றுக்கு வழிவிடுகிற தேர்மோஸ்டாட் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 பாகையைத் தாண்டியும் றேடியேற்றர்த் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்த நொடியில் பொங்கி அடிக்கும். என்னிடம் வேலை பழகிய பெடியனுக்கு முழங்கை வரை வெந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

காத்தான்குடியிலிருந்து: தம்பி, போன மாரியில் வெள்ளத்துக்குள் கார் நின்றுவிட்டது. மூன்று நான்கு தரம் சாவி போட்டுப் பார்த்தேன். பிறகு எஞ்சின் கழற்ற வேண்டி வந்தது. நான் செய்த பிழை என்ன?

நானா, நின்ற பிறகு திரும்பச் சாவி போட்டதுதான். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த பிறகு பிஸ்டன் மேலே வந்தால், அதைத் தள்ளுகிற கொனெக்டிங் றொட்தான் வளையும்.

இனி அப்படி நின்றால் சாவியைத் தொடாமல் தள்ளிக் கரையேற்றுங்கள். எயார் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பில்டர் நனைந்திருந்தால் கராஜுக்குக் கட்டி இழுத்துத்தான் வர வேண்டும். ஒயில் கம்பியையும் உருவிப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஒயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது. ஹைபிரிட் என்றால் செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கவே கூடாது.

அம்பாறையிலிருந்து: அண்ணா, கண்டியிலிருந்து மகியங்கனைப் பக்கம் இறங்கும்போது பிறேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பேட் எல்லாம் நல்லது என்கிறார்கள்.

தங்கச்சி, பிறேக் ஒயிலை எப்போது மாற்றினீர்கள்? அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 பாகை வரைக்கும் இறங்கிவிடலாம். அந்தப் பதினெட்டு வளைவில் காலை எடுக்காமல் பிறேக்கை மிதித்தால் சூடு அதையும் தாண்டும். ஒயில் கொதித்து உள்ளே ஆவி சேரும். நீங்கள் மிதிப்பது அந்த ஆவியைத்தான், அதனால்தான் பஞ்சு போல இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே காரைப் பிடியுங்கள். ஓட்டோ கியர் என்றால் எல் (L) நிலையில் போடுங்கள், பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட்களில் பி (B), நிறுத்தி வைக்கிற P இல்லை. இந்தப் பிறேக் ஒயில் வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இந்தக் கிழமையே செய்யுங்கள்.

டயருக்கு எவ்வளவு காற்று?

சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ஜப்பான் கார்களில் கிலோபாஸ்கலில் இருக்கும். 230 என்றால் ஏறக்குறைய 33 பி.எஸ்.ஐ. காலையில், ஓடித் திரிய முன் பாருங்கள். பழைய டயர் வாங்குபவர்கள் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத்தையும் வாசியுங்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது.

பற்றறி முனையில் வெள்ளை, பச்சையாகப் பூக்கிறது.

எஞ்சினை நிறுத்தி, கழித்தல் முனையை முதலில் கழற்றுங்கள். அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவி, காய்ந்ததும் பூட்டி, மேலே வாஸ்லின் பூசுங்கள். பூட்டும்போது கழித்தல் கடைசி.

நாவலடியிலிருந்து: வீடு கடற்கரையோரம். காரின் அடியெல்லாம் துரு. மேலே தினமும் கழுவுகிறேனே?

உப்பு தங்குவது மேலே இல்லை ஐயா. மட்காட்டின் உள்மடிப்பு, கதவின் கீழ்விளிம்பு, சைலன்சர் கொழுவியிருக்கிற இடம், இங்கெல்லாம்தான். கிழமைக்கு ஒரு தரம் ஹோஸை அடியில் பிடித்து அடியுங்கள். கிணறு உவராக இருந்தால் குழாய்த் தண்ணீர்தான் வேண்டும். கதவின் கீழ்விளிம்பில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் ஒரு ஈர்க்கிலால் குத்தி விடுங்கள். உள்ளே நிற்கிற தண்ணீர் வடிந்துவிடும்.