வேலை வழிகாட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பி.ஆர். எனும் மக்கள் தொடர்புத் துறையில் வேலைக்குப் போக ஆசை. “உனக்கு இங்கிலீஷும் வராது, நாலு பேரிடம் கலகலன்னு பேசவும் தெரியாது” என்கிறார்கள் வீட்டில். எனக்கு இது சரிப்பட்டு வருமா?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: கலகலப்பெல்லாம் இரண்டாம்பட்சம். பி.ஆர். ஏஜென்சியில் புதிதாகச் சேருபவருக்குக் காலையில் முதல் வேலையே பேப்பர்களைப் புரட்டுவதுதான். வாடிக்கையாளர் பெயரும் போட்டிக் கம்பெனி பெயரும் எங்கெங்கே வந்திருக்கின்றன என்று குறித்து அனுப்ப வேண்டும். பிறகு பிரஸ் ரிலீஸ் (பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக் குறிப்பு) எழுதுவது, நிருபர்களுக்குப் போன் போடுவது, மாதக் கடைசியில் எந்தெந்தப் பேப்பரில் செய்தி வந்தது என்று தொகுக்கும் கவரேஜ் ரிப்போர்ட். மெயிலைப் படித்துப் பதில் போடுமளவு ஆங்கிலம் வேண்டும். படிப்பு முடிவதற்குள் அதைப் பிடித்துவிடலாம். நல்ல தமிழ்தான் இங்கே பஞ்சம். ஆங்கிலத்தில் எழுதி அவசரமாக மொழிபெயர்த்த ரிலீஸ்கள் “பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறது” என்று ஆரம்பிக்கும். பேப்பரில் அதைத் திருத்தும் சப்-எடிட்டருக்கு நேரமில்லாவிட்டால் அது குப்பைக்குத்தான்.

இப்போதே எழுதிப் பழகுங்கள். கல்லூரியில் ரத்ததான முகாம் என்றால், அதற்கு ஒரு ரிலீஸ்: ஒரே பக்கம், 300 சொற்களுக்குள். சிறிய தலைப்பு, கீழே ஊரும் தேதியும். முதல் பத்தியிலேயே யார், எங்கே, எப்போது நடத்தினார்கள், எத்தனை பேர் ரத்தம் கொடுத்தார்கள் என்பது வந்துவிட வேண்டும். கல்லூரி முதல்வர் பேசியதில் இரண்டு வரி போதும். அனுப்புமுன் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கடைசியில் கல்லூரியைப் பற்றி மூன்று வரி, தொடர்பு எண். இடம் பற்றாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள், எனவே சிறப்பு விருந்தினரின் பட்டங்களை மேலே அடுக்கிவிட்டு எண்ணிக்கையைக் கீழே தள்ளாதீர்கள். போட்டோவுக்கு ‘இடமிருந்து வலம்’ பெயர் வேண்டும், இனிஷியலோடு.

அதிகம் சொதப்புவது எழுத்துருவில். பாமினியிலோ வானவில்லிலோ அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத் திறக்கும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் யாராவது உட்கார்ந்து திரும்ப அடிக்க வேண்டும். யார் அடிப்பார்கள்? எந்தக் கணினியிலும் சரியாகத் திறக்கும் யூனிகோடில் அடித்து, அட்டாச்மென்ட் மட்டும் என்றில்லாமல் மெயிலுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். போட்டோவை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப்போய் அச்சுக்கு உதவாது. பேப்பரின் மாவட்டப் பக்கங்களைச் சீக்கிரமே முடித்துவிடுவார்கள், ராத்திரி அனுப்பிவிட்டு “நாளைக்கு வருமா சார்?” என்று கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இப்படி நாலைந்து ரிலீஸ், பேப்பரில் வந்த துணுக்குகளோடு ஒரு ஃபைல் இருந்தால் இன்டர்ன்ஷிப் கேட்கலாம். மேற்படிப்புக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் – தொடர்பியல் துறையைப் பாருங்கள். டெல்லியில் உள்ள இதழியல் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எம்.சி.யில் விளம்பரம், மக்கள் தொடர்பு இரண்டையும் சேர்த்தே சொல்லித்தருகிறார்கள்.

கேள்வி: இதே வேலை அரசில் உண்டா?
– வாசகர், கரூர்

பதில்: உண்டு. ஒவ்வொரு கலெக்டர் அலுவலகத்திலும் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) இருக்கிறார். மத்திய அரசில் என்றால் யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு வழியாக இந்தியத் தகவல் பணி, மத்திய அரசின் செய்திகளைப் பத்திரிகைகளுக்குத் தரும் பி.ஐ.பி. போன்ற அலுவலகங்களில் வேலை.

கேள்வி: கம்பெனி மீது புகார் வந்தால் பி.ஆர். ஆட்கள் பொய் சொல்லித்தான் ஆக வேண்டுமா?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: பொய்யைவிட மௌனம்தான் பெரும்பாலும் கெடுக்கிறது. 2015-ல் மேகி நூடுல்ஸில் ஈயம் அதிகம் என்ற சர்ச்சை எழுந்தபோது, நெஸ்லே மக்களுக்குப் பதில் சொல்லத் தாமதித்தது என்ற விமர்சனம் பலமாக எழுந்தது. ஜூனில் தடை வந்தது. ஆகஸ்ட்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நவம்பரில்தான் மேகி மறுபடி கடைக்கு வந்தது. இம்மாதிரி நேரத்தில் முதல் அறிக்கை நாலு வரி இருந்தாலே போதும்: உறுதியாகத் தெரிந்தது, செய்துகொண்டிருப்பது, வாங்கியவர்கள் செய்ய வேண்டியது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. அந்த மணிக்குப் புதிதாக ஒன்றுமில்லை என்றாலும், “இன்னும் சோதனை முடிவு வரவில்லை” என்றாவது நிருபர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும்.